காற்றாடிமலை அடிவாரத்தில்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் செல்கிறவர்கள், தோவாளையின் பூக்கடைகளைக் கடந்து ஆரல்வாய்மொழியை நெருங்கும்போது, தம்மையறியாமல் ஒரு கையால் தலைமுடியைப் பிடித்துக்கொள்வர். பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வர். நடத்துநர் பயணச்சீட்டுக் கட்டைப் பத்திரப்படுத்துவார். ஆனி, ஆடி மாதங்களில் அக்கணவாயில் வீசும் காற்று அத்தகையது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியைக் கூறியவர் இவ்வூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாளைய எண்ணம்.

நான் சிறுவனாயிருந்த நாளில் இங்குக் காற்று மட்டுமே இருந்தது. உடைமரங்கள் காற்றுக்குப் பணிந்து ஒரே பக்கமாய்ச் சாய்ந்து வளர்ந்திருக்கும். திருநெல்வேலியில் ஆசிரியப் பணி செய்துவந்த என் தந்தையார், ஒவ்வொரு முறையும் இவ்விடம் வந்ததும், "எவ்வளவு காற்று வீணாகிறது பார்!" என்பார். அதனைக் கொண்டு என்ன செய்யலாம் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்றோ, கணவாயைத் தாண்டியதும் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை வெண்ணிறத் தூண்களும், அவற்றின் உச்சியில் மும்மூன்று இறக்கைகளும். முப்பந்தலைச் சூழ்ந்த இந்நிலப்பகுதியில் மட்டும் ஏறத்தாழ 1,500 மெகாவாட் திறனுள்ள காற்றாலைகள் நிற்கின்றன என்பர்.

2025-ஆம் ஆண்டு ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், பூசை முடிந்த கையோடு, என் தங்கை மகனை அழைத்துக்கொண்டு இவற்றைச் சுற்றிப் பார்க்கச் சென்றேன். தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணி கற்ற அவன், 2009 முதல் இவ்வியந்திரங்களோடு வாழ்ந்து வருகிறான். அவன் வாழ்வில் ஏற்பட்ட ஏற்ற இறக்கங்களைத் தங்கையின் வாயிலாக அவ்வப்போது கேட்டிருக்கிறேன். அவை அவனுடைய பொல்லாத காலத்தின் விளைவு என்றே எண்ணியிருந்தேன். நாட்டின் காற்று மின்சார வரலாறே அவன் வழியாகத் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது என்பது அன்றைய தினம்தான் எனக்கு விளங்கிற்று.

முதலில் காற்றாடிமலைக்குச் சென்றோம். 1752-ஆம் ஆண்டு சனவரி 14 அன்று தேவசகாயம் சுட்டுக்கொல்லப்பட்ட இடம் இது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்த பின்னர்த் திருப்பயணிகளின் வருகை பெருகியிருக்கிறது. மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டி ஓசை கேட்கும் சிறுவர் கூட்டம் அன்றும் இருந்தது. மலையின் பெயரை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இவ்வட்டாரத்து மக்கள் காற்றாலை என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை; காத்தாடி என்றே சொல்வர். மலைக்குப் பெயர் வாய்த்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சென்ற பிறகே, அப்பெயருக்குரிய பொருள் அடிவாரத்தில் வந்து நின்றிருக்கிறது.

அங்கிருந்து முப்பந்தல். சேர, சோழ, பாண்டிய மன்னர் மூவரும் மூன்று பந்தலிட்டுக் கூடிய இடம் என்றும், ஔவையார் அங்கு வந்தார் என்றும் செவிவழிச் செய்தி உண்டு. நெடுஞ்சாலையோரத்து இசக்கியம்மன் கோவில் முன் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திக் காணிக்கை செலுத்துவதை இன்றும் காணலாம். சாலையை விட்டு இறங்கி, செம்மண் தடத்தில் சிறிது தூரம் நடந்ததும் காத்தாடிகளின் நடுவே நின்றோம். தூரத்திலிருந்து பார்க்கையில் அவை மெல்லச் சுழல்வதுபோல் தோன்றும். அடியில் நின்றால்தான் அவ்விறக்கைகள் காற்றைக் கிழிக்கும் ஓசை நெஞ்சில் அறைவது தெரியும்.

மேற்குத் தொடர்ச்சி மலை, கேரளத்துக்கும் நமக்கும் நடுவே நிற்கும் நெடுஞ்சுவர். அச்சுவரில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி எனச் சில வாயில்கள் உள்ளன. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைப் பெரும்பாலும் அப்பக்கமே இறக்கிவிட்டு, வெறுங்கையோடு ஆனால் முழுவேகத்தோடு, இவ்வாயில்களின் வழியே நெருக்கிக்கொண்டு நுழைகிறது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும் என்பது இயற்பியல். ஆகவே, சற்றே கூடுதலான வேகமும் பெரும் பொருளாகிறது. மே முதல் செப்டம்பர் வரையிலான ஐந்து மாதங்களில்தான் ஆண்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இங்கே விளைகிறது. அவற்றையே 'சீசன்' என்று என் மருமகன் போன்றோர் குறிப்பிடுகின்றனர். அம்மாதங்களில் அவர்களுக்குத் திருமண வீடும் கிடையாது, திருவிழாவும் கிடையாது.

இந்தக் காற்றை முறையாக அளந்து ஏட்டில் எழுதிவைத்தவர் ஒரு பெண்மணி என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பீர்மேட்டில் 1918-இல் பிறந்து, பெங்களூரில் சர் சி.வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி, இந்திய வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து, 1976-இல் ஓய்வு பெற்ற அன்னா மாணி அவர். ஓய்வுக்குப் பின் அவர் வீட்டில் அமர்ந்துவிடவில்லை. நாடெங்கும் காற்றளக்கும் கருவிகளை நிறுவச் செய்து, எவ்விடத்தில், எம்மாதத்தில், எந்நேரத்தில் என்ன வேகத்தில் காற்று வீசுகிறது என்பதைத் தொகுத்தார். 1983-இல் அவரும் மூலே என்பாரும் சேர்ந்து வெளியிட்ட காற்றாற்றல் தரவு நூல், பின்னர் இயந்திரம் நட வந்தவர்களுக்கெல்லாம் வழிகாட்டியாயிற்று. கடைகளில் விற்கும் பொது அறிவு நூல்களில் அவர் பெயரை நான் தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைத்ததில்லை.

அரசு இத்துறையில் காலடி வைத்ததும் அவ்வாண்டுகளில்தான். 1973-இன் எண்ணெய் நெருக்கடி எல்லா நாடுகளையும் உலுக்கிய பின், 1981-இல் மாற்று எரிசக்திக்கென ஓர் ஆணையமும், 1982-இல் மரபுசாரா எரிசக்தித் துறையும் புதுதில்லியில் அமைக்கப்பெற்றன. 1986-இல் குஜராத், மகாராட்டிரம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் கடற்கரைகளில் மாதிரிக் காற்றாலைகள் எழுந்தன. நம் மாநிலத்தில் அந்தப் பேறு பெற்ற ஊர் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள முள்ளக்காடு. ஒவ்வொன்றும் 55 கிலோவாட் திறனுடைய பத்து இயந்திரங்கள் அங்கு நின்றன. பின்னர் டென்மார்க் நாட்டின் உதவியோடு கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் மேலும் பல எழுந்தன. 1993-க்குள் மின்வாரியம் தன் பொறுப்பில் நிறுவியவை 120. அவற்றின் மொத்தத் திறன் 19 மெகாவாட்டுக்குச் சற்று மேல். இன்றைய பெரிய காத்தாடிகளில் ஏழெட்டு அதற்கு ஈடாகும்.

அதே 1986-இல் சீனாவும் ஷான்டோங் மாநிலக் கடற்கரையில் மூன்று இயந்திரங்களை நட்டது. அவையும் டென்மார்க்கிலிருந்து வந்த 55 கிலோவாட் இயந்திரங்களே. ஒரே ஆண்டில், ஒரே வகை நாற்றை இரு வயல்களில் நட்டதுபோல. 2024-இன் இறுதியில் சீனத்தின் காற்றாலைத் திறன் ஐந்து இலட்சம் மெகாவாட்டைக் கடந்திருந்தது. நம் நாடு 50,000 மெகாவாட்டை எட்டியது 2025 மார்ச்சில். நம்முடையது சிறிய விளைச்சலன்று. உலக நாடுகளின் வரிசையில் நமக்கு நான்காம் இடம். ஆயினும் இரு வயல்களுக்கும் இடையே இத்தனை வேறுபாடு ஏன் என்ற கேள்வியை நான் என் மருமகனிடம் கேட்டேன்.

அவன் உடனே விடை சொல்லவில்லை. பழைய 225 கிலோவாட் இயந்திரம் ஒன்றின் அடியிலிருந்த இரும்புத் தகட்டைச் சுட்டிக்காட்டினான். அதில் அது இயங்கத் தொடங்கிய நாள் பொறிக்கப்பட்டிருந்தது: மார்ச் மாதத்தின் கடைசி வாரம். அடுத்ததற்குச் சென்றோம், அதிலும் மார்ச். மூன்றாவதில் செப்டம்பர் இறுதி. "காற்று தொடங்குவது மே மாதத்தில். செப்டம்பரில் காற்று போய்விடும். காற்றுக்காக நட்டவர்களானால் ஏப்ரலில் அல்லவா மாமா நட்டிருக்க வேண்டும்?" என்றான்.

இங்கே வாசகர்கள் சற்றுப் பொறுமை காட்ட வேண்டும். வரிக் கணக்கைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். ஒரு நூற்பாலை முதலாளி ஒரு கோடி ரூபாய்க்கு இயந்திரம் வாங்கினால், அது ஆண்டுதோறும் தேய்கிறது என்று கணக்கிட்டு, அத்தேய்மானத்தைத் தம் இலாபத்திலிருந்து சிறுகச் சிறுகக் கழித்துக்கொள்வார். காற்றாலைக்கு மட்டும், 1990-களில், நூற்றுக்கு நூறையும் முதலாண்டிலேயே கழித்துக்கொள்ளலாம் என்று மைய அரசு சலுகை வழங்கியது. நிறுவனங்களின் வருமான வரி அப்போது நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். ஆக, ஒரு கோடி செலவிட்டவருக்கு அவ்வாண்டே நாற்பது இலட்சத்துக்கு மேல் வரி மிச்சம். நிதியாண்டு முடியும் மார்ச் 31-க்குள் இயந்திரம் நின்றாக வேண்டும். ஆண்டில் 180 நாளாவது இயங்கினால்தான் சலுகை முழுமையாகக் கிட்டும் என்பதால் செப்டம்பர் இறுதிக்குள் நட்டோரும் உண்டு. இயந்திரம் பின்னர் எவ்வளவு நன்றாகச் சுழல்கிறது என்பது இரண்டாவது கவலையாகிவிட்டது. அவசரத்தில், காற்றுக் குறைந்த இடத்திலும் ஒன்றையொன்று மறைக்கும்படி நெருக்கமாகவும் சிலர் நட்டுவிட்டனர்.

அச்சலுகையை நான் குறை கூறவில்லை. அஃது இல்லாவிடில் இக்கணவாயில் இத்தனை தூண்கள் எழுந்திரா. 1995-96 நிதியாண்டில் மட்டும் நாட்டில் ஏறத்தாழ 380 மெகாவாட் புதிதாகச் சேர்ந்தது. ஆனால் சலுகை ஒன்றையே நம்பி எழுந்த தொழில் சலுகையோடு விழும். 1996-இல் நிறுவனங்கள் குறைந்த அளவு வரியாவது கட்டியே தீர வேண்டும் என்ற விதி வந்தது. வரி விகிதமும் குறைந்தது. 1997-98-இல் புதிதாகச் சேர்ந்தது 70 மெகாவாட்டுக்கும் குறைவு. பெரிய பெரிய பெயர்ப்பலகைகள் மாட்டியிருந்த அலுவலகங்கள் ஓசையின்றிப் பூட்டப்பட்டதை அந்நாளில் நாகர்கோவிலில் இருந்தவர்கள் நினைவுகூரக்கூடும்.

மீண்டும் எழுந்தது. 2009 இறுதியில் மைய அரசு, நட்டதற்கு அன்றி விளைந்ததற்கே ஊக்கத்தொகை என்று யூனிட் ஒன்றுக்கு 50 காசு வழங்க முன்வந்தது. என் மருமகன் வேலையில் சேர்ந்தது அவ்வாண்டில்தான். 2011-12-இல் 3,000 மெகாவாட்டுக்கு மேல் நாட்டில் நடப்பட்டது. "ஒரு கோபுரத்தை முடித்து இறங்கும்போதே அடுத்த ஊருக்கு வண்டி நிற்கும் மாமா," என்று அந்நாட்களை அவன் சொல்லும்போது முகம் மலர்ந்தது. 2012 ஏப்ரலில் விரைவுத் தேய்மானச் சலுகையும் 50 காசும் ஒருசேர நின்றன. அடுத்த நிதியாண்டில் நடப்பட்டது 1,700 மெகாவாட் அளவே. அவன் இருந்த குழுவில் பாதிப்பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர், அவனும் ஒருவன். தோவாளைப் பூச்சந்தையில் விடியற்காலை மூட்டை ஏற்றும் வேலை பார்த்தான். "படித்த பிள்ளை பூ மூட்டை தூக்குகிறானே" என்று என் தங்கை அழுதது எனக்கு நினைவிருக்கிறது. அவன் சரியாக உழைக்காததால்தான் நீக்கப்பட்டான் என்று அன்று நான் அவளிடம் கடுமையாகச் சொல்லியதும் நினைவிருக்கிறது. அதற்காக அந்தச் செம்மண் தடத்தில் நின்றவாறே அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். அவன் சிரித்துவிட்டான்.

50 காசு 2013-இலும், தேய்மானச் சலுகை 2014-இலும் திரும்பி வந்தன. அவன் ஆந்திராவின் அனந்தப்பூர் மாவட்டத்துக்குச் சென்றான். மகள் பிறந்த செய்தியை ஒரு கோபுரத்தின் உச்சியில் இருந்தபோதுதான் கைபேசியில் கேட்டானாம். 2016-17-இல் நாட்டில் 5,500 மெகாவாட். அதுவரை காணாத அளவு. 2017-இல் அரசு வழியையே மாற்றிற்று. மாநிலங்கள் நிர்ணயித்த விலைக்கு மின்சாரம் வாங்குவது போய், குறைந்த விலை கேட்பவருக்கே ஒப்பந்தம் என்ற ஏலமுறை வந்தது. பிப்ரவரியில் நடந்த முதல் ஏலத்தில் யூனிட் 3 ரூபாய் 46 காசு. அவ்வாண்டு டிசம்பரில் குஜராத்தில் 2 ரூபாய் 43 காசு. மின்சாரம் மலிந்தால் மக்களுக்கு நன்மைதானே என்று நாம் மகிழலாம். ஆயினும் பழைய முறை முடிந்து புதிய முறை வேர்விடும் வரையிலான இடைவெளியை யார் தாங்குவது என்று ஒருவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. 2017-18-இல் நடப்பட்டது 1,800 மெகாவாட்டுக்கும் குறைவு. அவன் மீண்டும் ஊர் திரும்பினான். ஒன்றரை ஆண்டு வேலையில்லை. 2022-க்குள் 60,000 மெகாவாட் என்று அரசு குறித்திருந்த இலக்கு, அவ்வாண்டு முடிவில் 42,000-ஐயும் எட்டாமல் நின்றது.

சலுகை மட்டுமன்று, கம்பியும் வேண்டும். ஆடி மாதத்தில் பெருகும் மின்சாரத்தைத் தென்மாநிலங்களுக்கு வெளியே தாராளமாக அனுப்பப் பல காலம் வழியில்லாதிருந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் கம்பிவழி திறக்கப்பட்ட பின்னரே தென்னகத்து மின்தொகுப்பு நாட்டின் பிற பகுதிகளோடு ஒன்றாய் இணைந்தது. அதற்கு முன், மின்வெட்டால் தமிழகமே வாடிய ஆண்டுகளில்கூட, காற்று உச்சத்தில் வீசும் சில மணி நேரங்களில் காத்தாடிகளை நிறுத்தச் சொன்னதுண்டு. வாங்கிய மின்சாரத்துக்குப் பணம் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருந்ததாகக் காற்றாலை உரிமையாளர்கள் குறைகூறினர். மின்வாரியத்தின் கடன் சுமையும் நாம் அறிந்ததே. யாரை நோவது?

மற்றொரு முடிச்சும் இங்கே இருக்கிறது. நாட்டிலேயே சிறந்த காற்று வீசும் இந்தக் கணவாயில் நிற்பவை பெரும்பாலும் பழைய, சிறிய இயந்திரங்கள். முப்பது மீட்டர் உயரத்தில் அவை சுழல்கின்றன; புதியவையோ நூறு மீட்டருக்கும் மேலே, வலிய காற்றில். 150 மீட்டர் உயரத்தில் கணக்கிட்டால் இந்நாட்டின் காற்று வளம் பதினோரு இலட்சம் மெகாவாட்டுக்கு மேல் என்று மைய அரசின் காற்றாற்றல் நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. பழையவற்றை அகற்றிப் பெரியதை நடுவதற்கு 2016-இல் மைய அரசும், 2024-இல் தமிழக அரசும் கொள்கை வகுத்தன. ஆனால் ஒரு பெரிய காத்தாடிக்கு வேண்டிய இடைவெளிக்குள் நான்கைந்து உரிமையாளர்களின் சிறியவை அடங்கிவிடுகின்றன. அவர்கள் ஒன்றுகூட வேண்டும். சீசனில் விளைந்த மின்சாரத்தை வாரியத்தின் கணக்கில் வைத்து, ஆண்டு முழுவதும் எடுத்துப் பயன்படுத்தும் பழைய உரிமை புதிய இயந்திரத்துக்கும் தொடருமா என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. எனவே, கடனெல்லாம் எப்போதோ அடைந்துவிட்ட கிழட்டு இயந்திரங்களை எண்ணெயிட்டு ஓட்டுகின்றனர். 2019 முதல் என் மருமகனின் பிழைப்பும் அதுவே. உதிரிப் பாகம் கிடைக்காமல், நின்றுபோன ஒன்றைக் கழற்றி மற்றொன்றில் பொருத்துவதும் உண்டு என்றான்.

இனி, நிலத்தின் கதை போலவே கடலின் கதையும் தொடங்கக்கூடும். மன்னார் வளைகுடாவில் காத்தாடி நடலாம் என்று 2015-இல் கொள்கை வந்தது. 2024 சூனில் குஜராத்துக்கும் தமிழகத்துக்கும் தலா 500 மெகாவாட் என 7,453 கோடி ரூபாய் உதவிக்கு மைய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இதனை எழுதும் வரை ஒன்றும் எழவில்லை. கடலோரப் பங்குகளில் வாழும் நம் குடும்பத்தார், வலை விரிக்கும் இடம் போய்விடுமோ என்று கேட்கின்றனர். அவர்களுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் தூண் நடுமுன் சொல்வார்களாக. முப்பந்தலில் நிலம் விற்றவர்களுக்குப் பிறகுதான் பலவும் தெரிந்தது. புஞ்சையைச் சொற்ப விலைக்குக் கொடுத்த முதியவர் ஒருவர், அதே நிலத்தில் நிற்கும் காத்தாடிக்குக் காவலராக இருந்ததை மருமகன் நேரில் கண்டிருக்கிறான்.

நாங்கள் திரும்பும் வேளையில் காற்று மேலும் வலுத்தது, பேச்சுக் கேட்கவில்லை. அந்நேரம் அவன் கைபேசி ஒலித்தது. துணைமின்நிலையத்துப் பாதை ஒன்றில் பழுதாம். அதில் இணைந்தவற்றை நிறுத்த வேண்டும். சற்று நேரத்தில் ஒரு வரிசை முழுவதும் இறக்கைகளைத் தளர்த்தி அசையாது நின்றது. அடுத்த வரிசை சுழன்றுகொண்டே இருந்தது.

சாலைக்கு வந்து பேருந்துக்காக நிற்கையில்தான் அவன் அந்தச் செய்தியைச் சொன்னான். 2024-25-இல் நாட்டில் 4,000 மெகாவாட்டுக்கு மேல் நடப்பட்டிருக்கிறதல்லவா? குஜராத்தின் கச்சுப் பகுதியில் ஆள் தேவையாம். இங்குப் பெறுவதைப்போல் இரு மடங்கு ஊதியம். அடுத்த மாதமே புறப்பட வேண்டும். ஆனால் மகளுக்குக் கிறிஸ்து அரசர் பெருவிழாவன்று புதுநன்மை. "இந்த முறை எத்தனை ஆண்டு நிற்கும் மாமா?" என்று கேட்டான். வேலையைத்தான் கேட்டான். நான் விழித்தேன்.

புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். பேருந்து வந்தது; சன்னலோர இடத்தை எனக்கு விட்டுவிட்டு அவன் நின்றுகொண்டான்.